பிரைமர் டப்பாவில் எரிவது எது?

கரூர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? பேருந்துகளுக்கு 'பாடி' கட்டும் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. வெறும் சட்டமும் எஞ்சினும் சக்கரங்களுமாக உள்ளே நுழையும் வண்டி, சில வாரங்களில் பளபளக்கும் பேருந்தாக வெளியே வரும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே, நெடுஞ்சாலை ஓரத்தில், 'டிங்கரிங் - பெயின்டிங்' என்று பலகை மாட்டிய பட்டறை ஒன்று இருக்கும். அதைக் கடக்கும்போது மூக்கைத் துளைக்கும் ஒரு வாசனை வருமே, அந்த வாசனையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு காட்சியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். காற்றே அசையாத ஒரு பிற்பகல். பட்டறையின் ஒரு மூலையில் பெயின்டர் தரையில் அமர்ந்து, அகன்ற தட்டில் பிரைமரை ஊற்றி, தின்னர் சேர்த்துக் கலக்குகிறார். எதிர் மூலையில், ஐந்து மீட்டர் தள்ளி, தரையில் ஒரு சிறு அடுப்பு. தேநீர் வைப்பதற்காக ஒருவர் தீக்குச்சியைக் கிழிக்கிறார். 'பக்'கென்று ஒரு நீலச் சுவாலை தரையோடு தரையாக ஓடுகிறது. அடுத்த நொடியில் பெயின்டரின் முன்னால் இருந்த தட்டு எரிகிறது.

தீப்பொறி எதுவும் தட்டில் விழவில்லை. பிரைமர் சிந்தி அடுப்பு வரை ஓடவும் இல்லை. இடையில் இருந்தது வெறும் சிமென்டுத் தரைதான். அப்படியானால் நெருப்பு எந்த வழியாக வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் போதும். பிரைமர் டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; ஒவ்வொன்றையும் நீங்களே காரணத்தோடு சொல்லிவிடுவீர்கள்.

பிரைமர் என்பது என்ன?

இரும்புத் தகட்டின் மேல் நேராக வண்ணம் பூசினால் அது நெடுநாள் ஒட்டியிருக்காது. ஈரமும் காற்றும் உள்ளே புகுந்து துருப்பிடிக்கும். வண்ணம் செதில் செதிலாக உரியும். ஆகவே முதலில் தகட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், துருவைத் தடுக்கும் ஓர் அடிப்பூச்சு தேவை. அதுதான் பிரைமர். லாரிகளின் அடிச்சட்டத்தில் செங்காவி நிறத்தில் பூசியிருக்கிறார்களே, அந்த 'ரெட் ஆக்சைடு' ஒரு பிரைமர்தான். அந்நிறத்தைத் தருவது இரும்பு ஆக்சைடு.

பிரைமரில் முக்கியமாக மூன்று பொருள்கள் உண்டு. ஒன்று, நிறமி, இது நுண்ணிய தூள். இரண்டு, பிசின், தூளை ஒன்றோடொன்று இணைத்துத் தகட்டோடு ஒட்ட வைப்பது இதுவே. மூன்று, கரைப்பான், பிசினைக் கரைத்து, பூசுவதற்கும் பீய்ச்சுவதற்கும் ஏற்ற பதத்தில் வைத்திருப்பது. டொலுயீன், சைலீன், அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் முதலியன இப்படிப்பட்ட கரைப்பான்கள். பட்டறைக்காரர்கள் 'தின்னர்' என்று சொல்வது பெரும்பாலும் இத்தகைய கரைப்பான்களின் கலவையே.

இந்த மூன்றில் முதல் இரண்டும் வண்டியிலேயே தங்கிவிடுகின்றன. மூன்றாவதற்கு அங்கே நிரந்தர இடம் கிடையாது. பூசி முடித்ததும் அது ஆவியாகிப் போயாக வேண்டும். அப்போதுதான் பூச்சு உலரும். பிரைமரோடு நாம் விலை கொடுத்து வாங்கும் கரைப்பான் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் பட்டறையின் காற்றில்தான் கலக்கிறது.

இதில் ஒரு வரலாறு உண்டு. மோட்டார் கார்கள் புதிதாக வந்த காலத்தில், குதிரை வண்டிகளுக்குப் பூசும் எண்ணெய் வார்னிஷ்தான் அவற்றுக்கும் பூசப்பட்டது. ஒரு காருக்கு வண்ணம் பூசி உலர வாரக்கணக்கில் ஆயிற்று. 1923-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம், நைட்ரோசெல்லுலோசை விரைவில் ஆவியாகும் கரைப்பான்களில் கரைத்து உண்டாக்கிய 'டூகோ' என்னும் வண்ணத்தை வெளியிட்டது. வாரங்கள் மணிகளாகக் குறைந்தன. இன்றும் நம் ஊர்ப் பட்டறைகளில் பீய்ச்சிப் பூசும் வேலையை 'டூகோ பெயின்டிங்' என்று சொல்வது இதனால்தான். அந்த விரைவுக்கு ஒரு விலை இருந்தது. விரைவில் உலர வேண்டுமென்றால் கரைப்பான் விரைவில் ஆவியாக வேண்டும். பிரைமரின் சிறப்பும் அதன் ஆபத்தும் ஒரே பண்பிலிருந்து பிறந்தவை.

பாரடே காட்டிய மெழுகுவர்த்தி

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 குளிர்காலத்தில் மைக்கேல் பாரடே இளம் மாணவர்களுக்காக ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவற்றில் அவர் செய்து காட்டிய ஒரு சோதனை இது. எரியும் மெழுகுவர்த்தியை மெதுவாக அணைத்தால், திரியிலிருந்து ஒரு வெண்ணிறப் புகை எழும். திரியைத் தொடாமல், சற்று மேலே, அந்தப் புகையில் எரியும் குச்சியைக் காட்டினால், சுவாலை புகை வழியே இறங்கித் திரியை மீண்டும் பற்ற வைக்கும்!

அந்த வெண்புகை வேறொன்றும் இல்லை. ஆவியாகிக் குளிரத் தொடங்கிய மெழுகு. மெழுகுவர்த்தியில் கட்டி மெழுகு எரிவதில்லை. உருகிய மெழுகும் எரிவதில்லை. மெழுகின் ஆவிதான் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கலந்து எரிகிறது. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எல்லாவற்றுக்கும் இதே விதி. எரிவது திரவம் அன்று. அதன் மேலே நிற்கும் ஆவி.

(இதை ஆசிரியரோ பெற்றோரோ உடனிருக்கும்போது மெழுகுவர்த்தியில் மட்டும் செய்து பாருங்கள். தின்னரிலோ பெட்ரோலிலோ ஒருபோதும் செய்யக் கூடாது. ஏன் கூடாது என்பது இனிமேல் விளங்கும்.)

பளிச்சிடும் வெப்பநிலை

மெழுகு ஆவியாவதற்குத் திரியின் சூடு தேவை. தின்னருக்கு அதுவும் தேவையில்லை. அறையின் சூடே போதும். ஒரு திரவம் குறைந்தது எந்த வெப்பநிலையில், தீ காட்டினால் 'பளிச்'சென்று பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியைத் தருகிறதோ, அதை 'பிளாஷ் பாயின்ட்' என்று டப்பாக்களில் அச்சிடுகிறார்கள். நாம் அதைப் பளிச்சிடு வெப்பநிலை என்று சொல்வோம். சில திரவங்களின் ஏறத்தாழ அளவுகள் வருமாறு (டிகிரி செல்சியசில்):

பெட்ரோல்: சுழிக்குக் கீழே 40
அசிட்டோன்: சுழிக்குக் கீழே 20
டொலுயீன்: 4
பியூட்டைல் அசிட்டேட்: 22
சைலீன்: 27
மண்ணெண்ணெய்: 35-க்கு மேல்
சமையல் எண்ணெய்கள்: 200-க்கு மேல்

இந்தப் பட்டியலோடு உங்கள் ஊரின் வெப்பநிலையை ஒப்பிட்டுப் பாருங்கள். சித்திரை மாதத்தில் நம் பட்டறைத் தகரக் கூரையின் கீழே 38 அல்லது 40 டிகிரி இருக்கும். மார்கழி இரவில்கூடச் சமவெளியில் 4 டிகிரிக்கு இறங்குவதில்லை. ஆகவே டொலுயீன் கலந்த தின்னர் ஆண்டின் எந்த நாளிலும், எந்த நேரத்திலும், தீப்பற்றத் தயாராகவே இருக்கிறது. நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் எரியும் தீக்குச்சி விழுந்தால் அணைந்துபோகலாம். தின்னர்க் கிண்ணத்தில் அது மேற்பரப்பைத் தொடுவதற்கு முன்பே நெருப்பு எழுந்துவிடும்.

இவ்வெப்பநிலையை மூடிய கிண்ணத்தில் அளக்கும் கருவி ஒன்றை பிரிட்டனைச் சேர்ந்த வேதியியலார் பிரெடெரிக் ஏபெல் அமைத்தார். 1879-இல் அந்நாட்டுச் சட்டம் அதை ஏற்று, 73 டிகிரி பாரன்ஹீட்டை எல்லையாக வைத்தது. அதைச் செல்சியசுக்கு மாற்றிப் பாருங்கள். ஏறத்தாழ 23 வரும். இந்தியாவின் 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டமும் இன்று 23 டிகிரிக்குக் கீழே பளிச்சிடும் பெட்ரோலியப் பொருள்களை மிகவும் கவனம் தேவைப்படும் 'ஏ' வகுப்பில் வைத்திருக்கிறது.

ஒரு லிட்டரும் ஓர் அறையும்

ஆவி இருந்தால் மட்டும் போதாது. அது காற்றோடு தக்க அளவில் கலந்திருக்கவும் வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் பற்றாது. மிக அதிகமாக இருந்தாலும், ஆக்சிஜன் போதாமல், பற்றாது. டொலுயீனுக்கு இந்த எல்லைகள் காற்றின் பருமனில் ஏறத்தாழ 1.1 விழுக்காட்டிலிருந்து 7.1 விழுக்காடு வரை.

இனி ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் டொலுயீனின் எடை ஏறத்தாழ 870 கிராம். அதன் மூலக்கூறில் 7 கார்பன் அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன; ஆகவே மூலக்கூறு எடை 92. எனவே ஒரு லிட்டரில் 870 ÷ 92 = 9.46 மோல்கள். 30 டிகிரியில் ஒரு மோல் ஆவி ஏறத்தாழ 24.9 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். ஆக, ஒரு லிட்டர் திரவம் 235 லிட்டர் ஆவியாகிறது. இந்த 235 லிட்டர் ஆவி எவ்வளவு காற்றில் கலந்தால் 1.1 விழுக்காடு ஆகும்? ஏறத்தாழ 21,400 லிட்டரில், அதாவது 21.4 கன மீட்டரில். மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையின் அளவு அது!

கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு, சிறிய அறையில் ஒரு லிட்டர் டொலுயீனை முழுவதும் ஆவியாக விட்டால், அந்த அறை முழுவதும் வெடிக்கக்கூடிய கலவையாகலாம். தூசி படியாமல் இருக்க வேண்டுமென்று அறையைச் சுற்றித் தார்ப்பாயால் மூடிக்கொண்டு பிரைமர் பீய்ச்சுவது எவ்வளவு ஆபத்தானது என்று இப்போது தெரிகிறதல்லவா?

மூடிய டப்பாவுக்குள்ளே நிலைமை என்ன? பெட்ரோல் தொட்டிக்குள் ஆவி மிகுந்திருப்பதால் வழக்கமாக உள்ளே இருக்கும் கலவை மேல் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆனால் டொலுயீன் டப்பாவில், 30 டிகிரியில், திரவத்துக்கு மேலே உள்ள இடத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு ஆவிதான் இருக்கும். அது இரு எல்லைகளுக்கும் நடுவிலே இருக்கிறது. டப்பாவின் வாயில் ஒரு பொறி பட்டால் தீ உள்ளேயும் பாயக்கூடும்.

தரையில் தவழும் ஆவி

இப்போது பட்டறைப் புதிருக்கு வருவோம். காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. டொலுயீனுடையது 92. 92-ஐ 29-ஆல் வகுத்தால் 3.2 வருகிறது. டொலுயீன் ஆவி காற்றைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. சைலீன் ஆவி 3.7 மடங்கு, அசிட்டோன் ஆவி 2 மடங்கு.

கனமான ஆவி, காற்று அசையாத இடத்தில், புகைபோல மேலே எழாது; தண்ணீர்போலக் கீழே வழியும். தட்டின் விளிம்பைத் தாண்டித் தரையில் இறங்கி, மெல்லிய விரிப்புபோல் பரவும். பள்ளங்களிலும் சாக்கடைக் கால்வாயிலும், வண்டியின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்க வெட்டியிருக்கும் குழியிலும் போய்த் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. நின்றுகொண்டிருப்பவரின் மூக்குக்கு வாசனை அதிகம் எட்டாமலேகூட இருக்கலாம்.

அந்த விரிப்பின் ஒரு விளிம்பு அடுப்பைத் தொட்டதும், பாரடேயின் மெழுகுவர்த்தியில் நடந்ததுதான் இங்கும் நடந்தது. சுவாலை ஆவியின் வழியே ஓடி வந்து, ஆவி பிறந்த இடமான தட்டை அடைந்தது. ஐந்து மீட்டர் தூரமும் ஒரு திரிதான். கண்ணுக்குத் தெரியாத திரி. நெருப்பை விட்டு விலகி உட்கார்ந்திருக்கிறோம் என்று அந்தப் பெயின்டர் நினைத்திருப்பார். தரையில் நெருப்பு வரை ஓர் ஆவிப் பாதை கிடந்ததை அவர் அறியவில்லை.

பொறி எங்கிருந்து வரும்?

'அடுப்பை அணைத்துவிட்டோம், பீடி சிகரெட்டும் இல்லை. இனிப் பயமில்லை' என்று சொல்லலாமா? டொலுயீன் ஆவிக் கலவையைப் பற்ற வைக்கத் தேவையான ஆற்றல் மிகவும் சிறியது. தக்க விகிதத்தில் கலந்திருந்தால் ஏறத்தாழ கால் மில்லிஜூல். சுமார் 2.5 கிராம் எடையுள்ள ஒரு பொருளை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தும் ஆற்றல்தான் அது.

மின்விளக்கின் சுவிட்சைப் போடும்போது உள்ளே தோன்றும் பொறி அதைவிடப் பெரிதாக இருக்கலாம். காற்றழுத்தும் கம்ப்ரசரின் மோட்டார், கையால் பிடித்துத் தேய்க்கும் கிரைண்டர், பாட்டரியிலிருந்து கழற்றும் ஒயர் எல்லாமே பொறி தருபவை. பற்றவைப்பு வேலையில் தெறிக்கும் பொறிகள் வெகுதூரம் பறக்கும். எரியும் பொருள்கள் 35 அடிக்குள், அதாவது ஏறத்தாழ 11 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்பது தீப்பாதுகாப்பில் வழக்கமான அளவு.

நம் உடம்பும் ஒரு பொறி தரலாம்! நைலான் சட்டையைக் கழற்றும்போது 'சடசட'வென்று ஓசை கேட்கிறதே, அது நிலைமின்சாரம். மனித உடலின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 150 பிக்கோபாரட். அது 3,000 வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் பெற்றால், அதில் தேங்கும் ஆற்றல் (மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கி, அதில் பாதி) ஏறத்தாழ 0.7 மில்லிஜூல். விரல் நுனியில் லேசாக உணரக்கூடிய ஒரு சிறு 'சுருக்'தான். ஆனால் தேவைப்படும் கால் மில்லிஜூலைவிட அது இரண்டரை மடங்குக்கும் மேல்.

தின்னரை ஒரு டின்னிலிருந்து இன்னொரு டின்னுக்கு ஊற்றும்போதும் நிலைமின்சாரம் உண்டாகிறது. அதனால்தான் பெரிய தொழிற்சாலைகளில் இரண்டு உலோகப் பாத்திரங்களையும் ஒரு கம்பியால் இணைத்து, தரைக்கும் ஓர் இணைப்புக் கொடுத்து, அதன் பிறகே ஊற்றுகிறார்கள். இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் இடையே பொறி தாவாது. பிளாஸ்டிக் வாளியில் இப்படிச் செய்ய முடியாது. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது.

'காலி' டிரம் காலியா?

பட்டறைகளில் நேரும் மிகக் கொடிய விபத்துகளில் ஒன்று, காலியான தின்னர் டிரம்மை வெட்டும்போது நேர்வது. தண்ணீர் பிடிக்கலாம், குப்பைத் தொட்டியாக்கலாம் என்று நினைத்து, கேஸ் கட்டர் கொண்டு மேல்மூடியை வெட்டுவார்கள். டிரம்மில் ஒரு சொட்டும் இல்லையே என்பார்கள்.

மீண்டும் நம் கணக்கைப் போடுவோம். 200 லிட்டர் டிரம்மில் 1.1 விழுக்காடு என்பது 2.2 லிட்டர் ஆவி. 2.2 ÷ 24.9 = 0.088 மோல். அதன் எடை 8 கிராமுக்குச் சற்று அதிகம். திரவமாகப் பார்த்தால் 10 மில்லிலிட்டருக்கும் குறைவு. இரண்டு தேக்கரண்டி கூட இல்லை! டிரம்மைக் கவிழ்த்து வடித்த பிறகும் மடிப்புகளில் அவ்வளவு தங்கியிருக்கும். நிறைந்த டிரம்மில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டிரம்மிலோ இருநூறு லிட்டரும் ஆவிக்கலவைதான். பயன்படுத்திய டிரம்மில் சூடான வேலை எதையும் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

தானே எரியும் துணி

எண்ணெய் சார்ந்த பிரைமர்கள் வேறு விதமாக உலர்கின்றன. அவற்றிலுள்ள ஆளிவிதை எண்ணெய் போன்ற பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டியாகின்றன. அவ்வினையில் வெப்பம் வெளிப்படும். தகட்டின் மேல் மெல்லிய பூச்சாக இருக்கும்போது அந்த வெப்பம் காற்றில் போய்விடும். துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் குவித்துவிட்டாலோ, வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். சில மணி நேரம் கழித்து, பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் உறங்கும் நேரத்தில், குவியல் தானே தீப்பற்றலாம். இத்துணிகளை விரித்து வெளியே உலர்த்த வேண்டும். அல்லது தண்ணீர் நிறைந்த, மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் போட வேண்டும்.

நைட்ரோசெல்லுலோசும் கவனத்துக்கு உரியது. 1846-இல் கிறிஸ்டியன் ஷோன்பைன் கண்டறிந்த இந்தப் பொருளின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் அடங்கியிருக்கிறது. அதனால் இதன் உலர்ந்த தூள் வெகுவேகமாக எரியும். சுவரிலும் தரையிலும் படிந்த பூச்சுத் தூளைப் பொறி தரும் இரும்புச் சுரண்டியால் சுரண்டாமல், நனைத்துப் பெருக்கி எடுக்க வேண்டும்.

மூச்சில் புகும் ஆவி

தீப்பற்றாமல் போனாலும் ஆவி நம்மை விட்டுவிடுவதில்லை. தின்னர் ஆவியைச் சுவாசித்தால் முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றும். குழிக்குள் இறங்கி வேலை செய்பவர் நினைவிழந்து விழவும் கூடும். நாள்தோறும் பல ஆண்டுகள் சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். 'பழகிவிட்டது, எனக்கு வாசனையே தெரியவில்லை' என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. பழகியது மூக்குதான், மூளையும் நரம்பும் அல்ல.

கைக்குட்டையோ துணி முகமூடியோ இதைத் தடுக்குமா? அவை தூசியில் ஓரளவை நிறுத்தும். ஆவியின் மூலக்கூறுகள் அவற்றின் துளைகள் வழியே தாராளமாகச் செல்லும். ஆவியைப் பிடிக்கச் செயலூட்டிய கரி நிரப்பிய முகமூடி வேண்டும். அந்தக் கரியையும் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். இரு பொருள்களைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் வகைகளில், கெட்டியாக்கும் பொருளில் ஐசோசயனேட்டுகள் உண்டு. அவை ஆஸ்துமாவைத் தூண்டுபவை. இவற்றைப் பீய்ச்சும்போது வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்றுத் தரும் முகமூடியே தக்கது. மஞ்சள் நிறத் துத்தநாகக் குரோமேட் பிரைமரின் தூசியும் புகைத்துளியும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பழைய பூச்சைத் தேய்க்கும்போதும் இதை மறக்கக் கூடாது.

கையிலுள்ள வண்ணத்தைத் தின்னரால் கழுவுவதும் தவறு. தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைத் தின்னர் கரைத்துவிடும். வெடிப்பும் புண்ணும் வரும். சோப்பும் தண்ணீரும் போதும். வேலைக்கு முன்பே கையுறை அணிவது அதைவிட நல்லது.

விதிகளும் காரணங்களும்

இனி டப்பாவைக் கையில் எடுப்போம். சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரத்தில் ஒரு சுவாலைப் படம் இருக்கும். வண்ணங்களை ஏற்றிச் செல்லும் லாரிகளில் 1263 என்ற எண்ணைக் காணலாம். வண்ணங்களுக்கும் அவை சார்ந்த பொருள்களுக்கும் உலகெங்கும் உரிய எண் அது. பெட்ரோல் லாரியில் 1203 என்றிருக்கும். அடுத்த முறை சாலையில் பார்க்கும்போது கவனியுங்கள். டப்பாவின் மேல் உள்ள விதிகளைக் காரணத்தோடு இப்படிச் சொல்லலாம்:

1. காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்க. ஆவி 1.1 விழுக்காட்டை எட்டவிடாமல் கலைப்பதற்காக. ஆவி கீழே தங்குவதால், தரை மட்டத்தில் உள்ள காற்றும் வெளியேற வேண்டும். கூரை விசிறி மட்டும் போதாது. வெளியேற்றும் விசிறி பொறி தராத வகையாக இருக்க வேண்டும்.

2. அடுப்பு, பற்றவைப்பு, கிரைண்டர், புகைத்தல் எதுவும் அருகில் கூடாது. 'அருகில்' என்பது கண்ணால் அளக்கும் தூரம் அன்று. ஆவி போய்ச் சேரும் தூரம்.

3. வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு உடனே மூடுக. திறந்த பரப்பு பெரிதானால் ஆவியும் அதிகம். அகன்ற தட்டைவிடக் குறுகிய வாயுள்ள பாத்திரம் மேல்.

4. வெயிலில் வைக்காதே. வெப்பம் ஏறினால் ஆவியின் அழுத்தம் ஏறும். பீய்ச்சும் சிறு டப்பாக்களில் உந்துவாயுவும் பல சமயம் எரியக்கூடியதே. 50 டிகிரிக்கு மேல் சூடாக்கவும் கூடாது, காலியான பின்னும் துளையிடக் கூடாது.

5. சாக்கடையில் ஊற்றாதே. ஆவி கால்வாய் வழியே அடுத்த தெரு வரை போய் அங்கே பொறியைத் தேடிக்கொள்ளலாம்.

6. குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதே. தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது தண்ணீராகத் தெரியும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. திரவம் நுரையீரலில் புகுந்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தீப்பிடித்துவிட்டால்?

முதலில் தோன்றுவது ஒரு வாளித் தண்ணீர். இங்கே அது உதவாது. டொலுயீனின் அடர்த்தி 0.87, தண்ணீரைவிடக் குறைவு. ஆகவே எரியும் தின்னர் தண்ணீரின் மேல் மிதந்து, தண்ணீர் ஓடும் இடமெல்லாம் நெருப்பையும் கூட்டிச் செல்லும். தட்டில் எழுந்த சிறு தீயை, பொருத்தமான இரும்பு மூடியால் மூடி அணைக்கலாம். உலர்ந்த மணலைப் போடலாம். உலர்பொடி, நுரை, கார்பன் டையாக்சைடு தீயணைப்பான்கள் தக்கவை. எரியும் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடக் கூடாது; பல பேர் எரிந்தது இப்படித்தான். தீ பெரிதானால் எதையும் காப்பாற்ற நினைக்காமல் வெளியேறி, 101 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும்.

உடையில் தீப்பற்றினால் ஓடாதீர்கள். ஓடினால் காற்று அதிகம் கிடைத்துத் தீ வளரும். தரையில் படுத்து உருளுங்கள். தீப்புண்ணின் மேல் ஓடும் குழாய்த் தண்ணீரை ஏறத்தாழ 20 நிமிடம் விடுங்கள். மை, பற்பசை, மாவு, எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் செல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

உங்களில் சிலர் நாளை ஐ.டி.ஐ.யில் சேர்ந்து வாகன வண்ணப்பூச்சு கற்கலாம். சிலருடைய அண்ணனோ மாமாவோ இன்றே இந்த வேலையில் இருக்கலாம். பதினெட்டு வயது நிறையாதவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது என்று 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. இன்னும் வயது வராத நீங்கள் அங்கே தின்னர் டப்பாவைத் தொட வேண்டாம். ஆனால் வேலை செய்பவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "மாமா, தேநீர் அடுப்பு எங்கே இருக்கிறது? குழி எங்கே இருக்கிறது? ஆவி எந்தப் பக்கம் போகும்?" அவர் எழுந்து அடுப்பைத் தூக்கி வெளியே வைத்தாரானால், நீங்கள் படித்த மூலக்கூறு எடைக் கணக்கு ஒரு மனிதரைக் காத்திருக்கிறது என்று பொருள்.

சிந்தித்து விடை எழுதுக

1. சமையல் எரிவாயுவில் பெரும்பகுதி பியூட்டேனும் புரோப்பேனும். அவற்றின் மூலக்கூறு எடைகள் 58, 44. வீட்டில் வாயு கசிந்தால் அது முதலில் எங்கே தேங்கும்? அப்போது மின்விசிறியின் சுவிட்சைப் போடலாமா?

2. அசிட்டோனின் மூலக்கூறு எடை 58. ஒரு லிட்டரின் எடை ஏறத்தாழ 790 கிராம். தீப்பற்றும் கீழ் எல்லை 2.5 விழுக்காடு. ஒரு லிட்டர் அசிட்டோன் முழுவதும் ஆவியானால் எவ்வளவு பெரிய அறையைக் கீழ் எல்லைக்குக் கொண்டுவரும்? டொலுயீனோடு ஒப்பிடுக.

3. உதகமண்டலத்தில் 10 டிகிரி உள்ள ஒரு காலைப்பொழுதில் சைலீன், டொலுயீன் இரண்டில் எது தீக்குச்சியைக் காட்டியதும் பற்றும்? அதே சைலீனைப் பீய்ச்சி நுண்துளிகளாக்கினால் விடை மாறுமா? ஏன்?